பழைய புறநகரில் வீடு: பகுதியின் வயதும் வாங்குபவரின் வயதும்

புதிதாகப் பிரிக்கப்பட்ட மனைப்பிரிவில் வீடு வாங்குபவர், விற்பவரின் வாக்குறுதியை நம்பித்தான் பணம் கொடுக்கிறார். பேருந்து வரும், பள்ளி வரும், பூங்கா வரும் என்று வரைபடம் சொல்லும். வந்ததா என்பது பத்தாண்டு கழித்தே தெரியும். முப்பது, நாற்பது ஆண்டுகளாக மக்கள் குடியிருந்துவரும் புறநகர்ப் பகுதியில் அந்தச் சிக்கல் இல்லை. எது வந்தது, எது வரவில்லை, மழைக்கு எங்கே தண்ணீர் நிற்கிறது, மாலையில் எந்தச் சாலையில் வண்டி நகராது என்பதெல்லாம் அங்கே கண்ணெதிரே இருக்கின்றன. அதனால்தான் பழைய பகுதியில் வாங்கினால் ஆபத்தில்லை என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அந்த எண்ணம் பாதிதான் சரி. கண்ணில் படுவது அந்தப் பகுதி இதுவரை வாழ்ந்த வாழ்க்கை. வாங்குபவர் வாழப்போவது அதன் அடுத்த இருபது ஆண்டுகளை. இரண்டும் ஒன்றுபோல இருக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. புறநகர் விஷயத்தில் அதற்குத் தனிக் காரணமும் உண்டு: புறநகர்கள் ஒரே மூச்சில் கட்டப்படுபவை.

நகரத்தின் பழைய மையப் பகுதிகள் வீடு வீடாக, தலைமுறை தலைமுறையாக வளர்ந்தவை. ஒரே தெருவில் நூறாண்டு வீடும் ஐந்தாண்டு வீடும் அடுத்தடுத்து நிற்கும். புறநகரின் பிறப்பு வேறு மாதிரி. நியூயார்க் அருகே லாங் ஐலண்டில் உள்ள லெவிட்டவுனில் 1947க்கும் 1951க்கும் இடையே ஒரே நிறுவனம் 17,000க்கும் மேற்பட்ட வீடுகளைக் கட்டியது. போரிலிருந்து திரும்பியவர்களின் இளம் குடும்பங்கள் அவற்றில் குடியேறின. அத்தனை பெரிய அளவில் இல்லாவிட்டாலும் பெரும்பாலான புறநகர்கள் உருவான விதம் இதுதான். நிலம் ஒரே சமயத்தில் பிரிக்கப்படுகிறது, குழாயும் சாலையும் ஒரே சமயத்தில் போடப்படுகின்றன, சில ஆண்டுகளுக்குள் வீடுகள் எழும்புகின்றன, கடன் கிடைக்கும் வயதை எட்டிய தம்பதியர் ஓர் அலையாக வந்து சேர்கிறார்கள். ஒன்றாகப் பிறந்தவை ஒன்றாகவே மூப்படைகின்றன. கூரை, குழாய், மின்கம்பி, மரம், மனிதர் எல்லாம். எனவே இந்தப் பகுதி தன் ஆயுளில் எந்தக் கட்டத்தில் இருக்கிறது, அது என் குடும்பத்தின் கட்டத்தோடு ஒத்துப்போகுமா என்ற கேள்வியை, ‘நல்ல பகுதியா’ என்ற வழக்கமான கேள்விக்கு முன்னால் கேட்க வேண்டும்.

தோக்கியோவுக்கு மேற்கே உள்ள தாமா நியூ டவுன் இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. 1960களில் திட்டமிடப்பட்டு, 1971இல் முதல் குடும்பங்கள் குடியேறிய அந்தப் பகுதியில் தொடக்கத்தில் இளம் தம்பதியரே நிறைந்திருந்தனர். பிள்ளைகள் வளர்ந்து வெளியேறினர், பெற்றோர் அங்கேயே தங்கினர்; சில பத்தாண்டுகளில் மாணவர் குறைந்து பள்ளிகள் மூடப்பட்டன, மின்தூக்கி இல்லாத ஐந்து மாடிக் கட்டடங்களில் முதியவர்கள் படியேறத் திணறும் நிலை வந்தது. கட்டியவர்கள் அலட்சியமாகக் கட்டியதால் வந்த வினை இல்லை இது. ஒரே வயதினரைக் கொண்டு ஓர் இடத்தை நிரப்பினால் இயல்பாக நடப்பது.

ஒரு பகுதி எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதை ஆவணங்களைவிடத் தெருவே நன்றாகச் சொல்லும். வாசற்படியின் ஓரத்தில் புதிதாகப் பொருத்திய கைப்பிடிக் கம்பி, படிக்குப் பக்கத்தில் சரிவாகப் பூசிய சிமென்ட் மேடை, பல நாளாகத் திறக்கப்படாத மாடி சன்னல்கள், செடி போய் மண் மட்டும் மிஞ்சிய தொட்டிகள்: இவை ஒரு தெருவில் நாலைந்து வீடுகளில் தென்பட்டால் முதலில் வந்தவர்கள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள், வீடுகள் கைமாறும் காலம் நெருங்குகிறது என்று கொள்ளலாம். ஒரு வாசலில் குழந்தைகளின் சைக்கிள், அதற்கு இரண்டு வீடு தள்ளிச் சாரமும் செங்கல் குவியலும் என்றிருந்தால் கைமாற்றம் தொடங்கிவிட்டது. முதல் வகைத் தெரு அமைதியானது. பிள்ளைகள் வளர்ந்துவிட்ட குடும்பத்துக்கு அது நன்றாகவே பொருந்தும். மூன்று வயதுக் குழந்தையோடு வருபவருக்கோ, அந்தக் குழந்தை விளையாட்டுத் துணையின்றி வளரும் இடமாக அது ஆகிவிடலாம். ஏழெட்டு ஆண்டு கழித்து இளம் குடும்பங்கள் வந்து சேரும்போது அந்தப் பிள்ளை தெருவில் விளையாடும் வயதைத் தாண்டியிருக்கும். உள்ளூர்த் தொடக்கப்பள்ளியின் தேர்ச்சி விகிதத்தைக் கேட்பவர்கள் பலர். கடந்த பத்தாண்டில் முதல் வகுப்பில் ஆண்டுதோறும் எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்று கேட்பவர் அரிது. பகுதி எந்தத் திசையில் போகிறது என்பதை இரண்டாவது எண்தான் காட்டும்.

மனிதரோடு சேர்ந்தே மூப்படைவது மண்ணுக்குள் இருப்பது. பொதுவாகப் புதிய புறநகரில் சாலை, குடிநீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய் ஆகியவற்றை மனைப்பிரிவை உருவாக்குபவரே போட்டுக் கொடுத்துவிட்டுப் போகிறார். அதற்கான செலவு வீட்டு விலையில் அடங்கிவிடுகிறது. முதல் இருபது, இருபத்தைந்து ஆண்டுகளில் பெரிய பழுது வராததால் உள்ளாட்சியின் வரவுசெலவு செழிப்பாகத் தெரியும், வரியை உயர்த்த வேண்டிய தேவையும் எழாது. பிறகு எல்லாம் ஏறக்குறைய ஒரே சமயத்தில் பழுதாகத் தொடங்கும், அந்த ஆண்டுகளில் அங்கே யார் வீடு வைத்திருக்கிறாரோ அவர் தலையில் அந்தச் செலவு விழும். சாலையில் செவ்வகம் செவ்வகமாகத் தார் ஒட்டுப் போட்ட இடங்களைக் கவனிப்பது வீண் வேலை ஆகாது. அடுத்தடுத்து ஒட்டுகள் இருந்து, அவற்றில் சில வெளிறிப்போயும் சில இன்னும் கறுப்பு மாறாமலும் இருந்தால், குழாய் பல முறை உடைந்து துண்டு துண்டாகச் சரிசெய்யப்பட்டு வருகிறது என்று ஊகிக்கலாம். தெரு முழுக்க ஒரே அகலத்தில் நீளமாக ஓர் ஒட்டு ஓடினால் குழாயை முழுமையாக மாற்றியிருக்க வாய்ப்புண்டு. உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டு உறுதிசெய்துகொண்டால், அது பளபளப்பான சமையலறையைவிட மதிப்புள்ள செய்தி.

வீட்டுக்குள்ளும் இதே கணக்குதான். கட்டிய ஆண்டு தெரிந்தால் எதைத் தேட வேண்டும் என்பது ஓரளவு தெரிந்துவிடும். அமெரிக்காவில் 1978க்கு முன் கட்டிய வீடு என்றால் ஈயம் கலந்த வண்ணப்பூச்சு இருக்கக்கூடும். 1965 முதல் 1973 வரை கட்டியவற்றில் அலுமினிய மின்கம்பி இருக்கலாம், அதன் இணைப்புகள் தளர்ந்து சூடேறும் தன்மை உடையவை. கல்நாருக்கு (ஆஸ்பெஸ்டாஸ்) முழுத் தடை பிரிட்டனில் 1999இலும் ஆஸ்திரேலியாவில் 2003இன் கடைசி நாளிலும் வந்தது. அதற்கு முந்தைய வீடுகளில் கூரைத் தகட்டிலோ குழாயைச் சுற்றியோ அது இருக்க வாய்ப்புண்டு. துத்தநாகப் பூச்சுள்ள இரும்புக் குழாய் உட்புறம் துருவேறி நீர்வழி குறுகிப்போகும். குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுச் சமையலறையிலும் திறந்தால் தண்ணீர் மெலிந்துவிடுகிறதா என்று பார்க்க நிபுணர் வர வேண்டியதில்லை. சுட்ட மண் குழாய்களின் இணைப்பில் மரவேர் நுழைந்து அடைப்பது பழைய புறநகர்களின் பொதுவான நோய். வாங்க வருபவரை மயக்கும் அதே நிழல்மரம்தான் கழிவுநீர்க் குழாய்க்கு எமன். குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்க்கும் சோதனைக்கு ஆகும் செலவு, தோண்டி மாற்றும் செலவில் சிறு பங்குதான் இருக்கும். இப்படிப்பட்ட குறைகளில் பெரும்பாலானவை வீட்டை ஒதுக்கக் காரணம் ஆகா. விலை பேச உட்காரும்போது கையில் இருக்க வேண்டிய கணக்கு, அவ்வளவே.

தண்ணீர் அப்படி இல்லை. குழாயை மாற்றலாம், நிலத்தின் மட்டத்தை மாற்ற முடியாது. இங்கே வெள்ளம் வந்ததே இல்லை என்று முப்பது ஆண்டு குடியிருந்தவர் சொன்னால் அது உண்மையாகவே இருக்கலாம். ஆனாலும் அது போதாது. அவர் குடிவந்தபோது மேட்டுப் பக்கம் வெட்டவெளியாகக் கிடந்த நிலம் இன்று கூரையும் தளமுமாக மாறியிருந்தால், அன்று மண் குடித்த நீர் இப்போது பள்ளம் நோக்கி ஓடிவந்தாக வேண்டும், அதை ஏற்கும் வடிகாலோ பழைய அளவிலேயே இருக்கும். நூறாண்டு வெள்ளத்தின் எல்லைக்குள் உள்ள வீடு என்று வரைபடம் காட்டினால், நம் காலத்தில் வராது என்று பலர் தேற்றிக்கொள்கிறார்கள். ஆண்டுக்கு 1 விழுக்காடு வாய்ப்பு என்பதே அந்தக் கணக்கு; 30 ஆண்டு வீட்டுக்கடன் முடிவதற்குள் ஒரு முறையாவது அது வருவதற்கான வாய்ப்பு ஏறக்குறைய 26 விழுக்காடு. சாலை மேல் சாலை போட்டுப் போட்டு வாசல் பள்ளமாகிவிட்ட வீடுகளையும், வாயிற்கதவின் அடியில் புதிதாக ஒரு வரிசைச் செங்கல் கட்டித் தடுப்பு வைத்த வீடுகளையும் பார்த்தால் நின்று விசாரிக்க வேண்டும். காரணமில்லாமல் யாரும் தன் வாசலில் தானே தடுக்கி விழத் தடுப்புக் கட்டுவதில்லை. வெள்ளக் காப்பீடு கிடைக்கும் நாடுகளில், அந்த முகவரிக்குக் காப்பீட்டு நிறுவனம் எவ்வளவு கேட்கிறது என்பதை முன்பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டறியலாம். விற்பவரைப் போலப் பகுதியைப் புகழ வேண்டிய தேவை அதற்கு இல்லை.

புறநகரின் அமைதிக்கு ஒரு விலை உண்டு, அதைத் தெருவின் அமைப்பில் காணலாம். 1929இல் அமெரிக்கத் திட்டமிடலாளர் கிளாரன்ஸ் பெர்ரி ஒரு வரைவை முன்வைத்தார்: குடியிருப்பின் நடுவே தொடக்கப்பள்ளி, வீடுகளிலிருந்து அதற்குச் சுமார் கால் மைல் நடை, பெரிய சாலைகள் விளிம்பில் மட்டும், உள்தெருக்கள் வழியாகப் பிற வண்டிகள் புகுந்து போக முடியாத வளைவுகள். பிறகு வந்த புறநகர்கள் பலவும் அந்த வளைவுகளையும் விளிம்புச் சாலைகளையும் எடுத்துக்கொண்டன, நடந்து போகும் தொலைவை விட்டுவிட்டன. விளைவாக, கொல்லைச் சுவருக்கு அப்பால் முந்நூறு மீட்டரில் இருக்கும் கடைக்குப் போக ஒன்றரைக் கிலோமீட்டர் சுற்ற வேண்டிய வீடுகள் ஏராளம். உள்ளே குறைந்த வண்டிகள் எல்லாம் விளிம்பில் உள்ள நாலைந்து சாலைகளில் குவிகின்றன. எனவே ஒரே புறநகரில் இரண்டு வீடுகளுக்கிடையே வாழ்க்கையே வேறாக இருக்கும். நகர வடிவமைப்பு ஆய்வாளர் டொனால்ட் ஆப்பிள்யார்டு 1960களின் இறுதியில் சான் பிரான்சிஸ்கோவில் மூன்று தெருக்களை ஒப்பிட்டார். நாளொன்றுக்குச் சுமார் 2,000 வண்டிகள் போகும் தெருவில் ஒருவருக்குச் சராசரியாக மூன்று நண்பர்கள் அதே தெருவில் இருந்தனர். 16,000 வண்டிகள் போகும் தெருவில் ஒருவர்கூடத் தேறவில்லை, சராசரி 0.9. விளம்பரத்தில் பகுதியின் பெயர்தான் இருக்கும். வாங்குபவர் குடியேறுவது ஒரு குறிப்பிட்ட தெருவின் குறிப்பிட்ட வீட்டில். ஞாயிறு காலை பதினொரு மணிக்கு வீட்டைக் காட்ட அழைப்பது தரகருக்கு வசதி. வேலைநாளில் காலை எட்டு மணிக்கும் இரவு பத்து மணிக்கும் தாமாகப் போய் நிற்பது வாங்குபவருக்கு வசதி.

பயணத்தைப் பற்றி மக்கள் தங்களையே ஏமாற்றிக்கொள்வதுபோல வேறெதிலும் ஏமாற்றிக்கொள்வதில்லை. உளவியலாளர் டேனியல் கானமன் உள்ளிட்டோர் டெக்சாஸில் வேலைக்குப் போகும் 909 பெண்களிடம் முந்தைய நாளின் ஒவ்வொரு நடவடிக்கையும் எப்படி இருந்தது என்று கேட்டு 2004இல் வெளியிட்ட ஆய்வில், காலை நேரத்து அலுவலகப் பயணம் பட்டியலின் அடியில் இருந்தது. பொருளியலாளர்கள் புரூனோ ஃபிரையும் அலோயிஸ் ஸ்டட்சரும் ஜெர்மனியில் பல்லாண்டுத் தரவுகளை வைத்துப் பார்த்தபோது, நீண்ட பயணத்தை ஏற்பவர்களுக்கு அதற்கு ஈடாகக் கிடைத்த நல்ல வீடோ கூடுதல் சம்பளமோ அவர்களின் மனநிறைவை மீட்டுத் தரவில்லை என்று கண்டார்கள். பெரிய அறையும் தோட்டமும் சில மாதங்களில் பழகிப்போகின்றன. போக்குவரத்து நெரிசல் தினமும் புதிதாக எரிச்சலூட்டுகிறது. இன்னொன்றும் உண்டு. வீட்டை இருபது ஆண்டு வைத்திருப்பவர்கள் வேலையை அத்தனை காலம் வைத்திருப்பதில்லை. இன்றைய அலுவலகத்துக்கு இருபது நிமிடம் என்பதைவிட, வேலை கிடைக்கக்கூடிய மூன்று நான்கு வட்டாரங்களுக்கும் நாற்பது நிமிடம் என்பது நீண்ட காலத்தில் பாதுகாப்பானது.

பள்ளியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். முகவரியை வைத்துப் பள்ளி ஒதுக்கும் நாடுகளில் நல்ல பள்ளியின் விலை வீட்டு விலைக்குள்ளேயே இருக்கிறது. பொருளியலாளர் சாண்ட்ரா பிளாக் 1999இல் வெளியிட்ட ஆய்வு, பாஸ்டன் புறநகர்களில் பள்ளி எல்லைக்கோட்டின் இரு பக்கமும் உள்ள வீடுகளை ஒப்பிட்டு, தேர்வு மதிப்பெண் 5 விழுக்காடு கூடினால் பெற்றோர் ஏறக்குறைய 2.5 விழுக்காடு கூடுதல் விலை தருகிறார்கள் என்று காட்டியது. பிள்ளை இல்லாதவரும், பிள்ளை படிப்பை முடித்துவிட்டவரும் அந்த எல்லைக்குள் வாங்கினால் தமக்குப் பயன்படாத ஒன்றுக்கு வட்டியோடு பணம் கட்டுகிறார்கள். கோட்டுக்கு அந்தப் பக்கம், அதே தெருவில், அதே மரநிழலில், குறைந்த விலைக்கு வீடு இருக்கும். விற்கும்போது கூடுதல் விலை திரும்பக் கிடைக்குமே என்று சொல்வார்கள். எல்லைக்கோடுகள் மாற்றி வரையப்படுவதும் உண்டு என்பதை அவர்கள் சொல்வதில்லை.

விதிகளும் நிலையானவை இல்லை. தனி வீடுகள் மட்டுமே கொண்ட தெரு என்றைக்கும் அப்படியே இருக்கும் என்ற நம்பிக்கையில் பலர் பழைய புறநகரைத் தேடுகிறார்கள். அமெரிக்காவின் ஒரெகன் மாநிலம் 2019இல் சட்டம் இயற்றி, 10,000க்கு மேல் மக்கள்தொகை கொண்ட நகரங்களில் தனி வீட்டு மனைகளில் இரட்டை வீடுகளை அனுமதிக்கச் செய்தது. நியூசிலாந்து 2021இல் பெரிய நகரங்களின் பெரும்பாலான குடியிருப்பு மனைகளில் மூன்று மாடி வரை மூன்று வீடுகள் கட்ட வழிவிடும் சட்டத்தை நிறைவேற்றியது. வீட்டுப் பற்றாக்குறை உள்ள எந்த நகரத்திலும் அரசின் பார்வை பெரிய மனைகள் கொண்ட பழைய புறநகர் மீது விழுவது இயற்கை. அங்கேதான் இடம் இருக்கிறது. இது வாங்குபவருக்குக் கெடுதல் என்று சொல்ல முடியாது, அவர் மனையின் மதிப்பும் அதனால் உயரலாம். ஆனால் பக்கத்து வீட்டின் தோட்டத்தையும் அதற்கு மேலுள்ள வானத்தையும் மனதில் வைத்து விலை கொடுப்பவர், அவை இரண்டும் தன் பத்திரத்தில் இல்லை என்பதை அறிந்து கொடுக்க வேண்டும்.

வரியிலும் ஒரு பொறி இருக்கிறது. விற்பவர் இப்போது கட்டும் சொத்து வரியைக் கேட்டு அதையே தாமும் கட்டுவோம் என்று கணக்குப் போடுவது சில ஊர்களில் பெரிய பிழையாகிவிடும். கலிபோர்னியாவில் 1978இல் மக்கள் வாக்கெடுப்பில் நிறைவேறிய திருத்தத்தின்படி, வீட்டின் வரி மதிப்பு ஆண்டுக்கு 2 விழுக்காட்டுக்கு மேல் உயராது, பொதுவாக வீடு விற்கப்படும்போது சந்தை மதிப்புக்குத் தாவிவிடும். எனவே அடுத்தடுத்த இரண்டு ஒரே மாதிரி வீடுகளில் நாற்பதாண்டு குடியிருப்பவரும் புதிதாக வந்தவரும் கட்டும் வரி பல மடங்கு வேறுபடலாம். கைமாற்றத்தின்போது மறுமதிப்பீடு உண்டா என்பதை எந்த ஊரிலும் முதலில் கேட்டுவிட வேண்டும். குடியிருப்போர் சங்கம் மாதாந்தரக் கட்டணம் வசூலிக்கும் இடமாக இருந்தால் கட்டணம் குறைவு என்று மகிழ்வதற்கு முன், கூரைக்கும் சாலைக்கும் சங்கம் சேர்த்து வைத்திருக்கும் தொகை எவ்வளவு என்று பார்க்க வேண்டும். நாற்பதாண்டுப் பழைய குடியிருப்பில் கையிருப்பு இல்லாத சங்கம் குறைவாக வசூலிக்கிறது என்றால், மீதியைப் புதியவரிடம் ஒரே தவணையில் கேட்கப்போகிறது.

இத்தனையும் பார்த்த பிறகு விலைக்கு வரலாம். பழைய புறநகரில் கொடுக்கும் பணத்தில் பெரும்பங்கு நிலத்துக்கும் இருப்பிடத்துக்கும் போகிறது. கட்டடம் தேய்ந்துகொண்டே வரும் பங்கு. ஆகவே கட்டடத்தைப் புதுப்பித்து அழகாக்கிக் காட்டும் வீட்டைவிட, சுமாரான தோற்றத்தோடு நல்ல தெருவில், மேடான நிலத்தில், விளிம்புச் சாலைக்கு எட்டத்தில் நிற்கும் வீடு பொதுவாக நல்ல பேரம் என்பது என் கருத்து. வண்ணப்பூச்சையும் தரையையும் பிறகு மாற்றிக்கொள்ளலாம். அப்படி மாற்றும் பொறுமையும் கையிருப்பும் இல்லாதவர், தொடர்ச்சியான சிறு பழுதுகளை அவமானமாகவோ ஏமாற்றமாகவோ எடுத்துக்கொள்பவர், வேலைக்காகச் சில ஆண்டுகளில் இடம் மாறக்கூடியவர் ஆகியோருக்குப் பழைய புறநகர் பொருந்தாது. அவர்கள் அதே பகுதியில் ஓராண்டு வாடகைக்கு இருந்து பார்ப்பது நல்லது. ஒரு மழைக்காலமும் ஒரு பள்ளித் தொடக்கமும் கடந்துவிட்டால் பெரும்பாலான கேள்விகளுக்கு விடை கிடைத்துவிடும்.

விற்பதைப் பற்றியும் வாங்கும்போதே யோசிக்க வேண்டும். முதல் தலைமுறை இன்னும் குடியிருக்கும் தெருவில் அடுத்த பத்து, பதினைந்து ஆண்டுகளில் பல வீடுகள் சந்தைக்கு வரும், பெரும்பாலும் வாரிசுகள் மூலம். வாரிசுகள் வேறு ஊர்களில் இருந்தால் நல்ல விலைக்குக் காத்திராமல் கிடைத்த விலைக்குத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். மக்கள்தொகை பெருகும் நகரத்தில் அந்த வீடுகளை எடுத்துக்கொள்ள இளம் குடும்பங்கள் வரிசையில் நிற்பதால் விலை தாக்குப்பிடிக்கும். மக்கள்தொகை தேங்கிய நகரத்தில் ஒரே தெருவில் ஐந்து வீடுகள் ஒரே சமயத்தில் ஆள் தேடி நிற்கும். பத்தாண்டுக்குள் விற்க நேரலாம் என்று நினைப்பவர் அதே அலையில் தாமும் விற்க வேண்டியிருக்கும் என்று கணக்கில் கொண்டு இன்றைய விலையைக் குறைத்துக் கேட்க வேண்டும். இருபத்தைந்து ஆண்டு இருக்கப்போகிறவருக்கு அந்த அலை கடந்துபோயிருக்கும், அவர் வீட்டை வாங்க வருபவர்கள் இன்று தொடக்கப்பள்ளியில் படித்துக்கொண்டிருக்கிறார்கள்.